செவலைக்கு வந்த விக்கல்

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. செவலைக்கு இன்று முழுக்கு. பானட்டைத் திறந்து, பைப்பைப் பிடித்து, எஞ்சினை மூலைமுடுக்கு விடாமல் நானே கழுவினேன். வாட்டர் சர்வீஸில் கொடுக்கலாம் என்றாள் ருக்மணி. அங்கே கொடுத்தால் எதைக் கழற்றிக்கொண்டு எதை மாட்டி அனுப்புவார்கள் என்று யாருக்குத் தெரியும்? கட்டியவளுக்கு இத்தனை வருஷமாகியும் உலகம் புரியவில்லை.

செவலை ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், மேலே துணிக்கூரை, நாலு சிலிண்டர். என் மகனைவிட மூத்தது. மண்சிவப்பு நிறத்தைப் பார்த்து மாட்டுக்கு வைக்கிற பெயரை வைத்தவன் தேவநேசன். வண்டியில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது. ஒரு வாரம் போத்தனூரில் அவன் வீட்டில் நிற்கும், ஒரு வாரம் இங்கே சாயிபாபா காலனியில். ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச் முடிந்ததும் கைமாறும். டேங்க்கை நிரப்பித்தான் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. கல்லூரி நாளிலிருந்து பழகினவன் என்பதால் எழுத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருக்க வேண்டும்.

மாலை சுண்டல் சாப்பிட வந்தான். ஒரு தகவல் சொன்னான்.

"சென்னி, கண்ணாஸ்பத்திரி போயிருந்தேன்டா. கண்ணுல பிரஷர் ஏறிப்போச்சாம். வலது பாதி போயிருச்சு. இடது நல்லா இருக்கற வரைக்கும் பகல்ல மட்டும் ஓட்டிக்கச் சொல்லீட்டாங்க. வருஷக் கடைசியோட நிறுத்திப்போடறேன்னு ஹெப்சிபாகிட்டச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

ஹெப்சிபா அவன் மகள், டீச்சர். மனைவி போனபிறகு அவளோடுதான் இருக்கிறான்.

"அதுக்குள்ள என் வாரத்துல ஒருக்கா கோத்தகிரி ஏறி எறங்கோணும்டா. நானே ஓட்டி. அது போதும் எனக்கு."

எனக்கு நெஞ்சு கனத்துப்போனது, பொய் சொல்லவில்லை. ஆனால் பேசிக்கொண்டே தட்டில் இருந்த தேங்காய்ச் சில்லை மட்டும் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்றான். பாதிக் கண் போனவன் இவ்வளவு துல்லியமாகத் தேங்காய் பொறுக்குவானா என்று ஒரு யோசனை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நல்ல நாள் என்று வண்டியை எடுத்தேன். அவினாசி ரோட்டில் கொஞ்சம் மிதித்ததும் விக்கியது. நாலு சிலிண்டரில் ஒன்று தூங்கிவிட்டு மற்ற மூன்றும் இழுக்கிற சத்தம். ஸ்டீயரிங்கில் நடுக்கம், பின்னால் டப் டப் என்று வெடி. பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்க்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். மானம் போனது.

நேரே காளியண்ணன் ஒர்க்‌ஷாப். சிவானந்தா காலனியில் பழைய வண்டிகளுக்கென்றே இருக்கிறவன். நான் போய்ச் சேர்வதற்குள் விக்கல் நின்றுவிட்டது.

"பட்டாட்டம் ஓடுதுங்களே சார்" என்றான்.

"நான் என்ன கனவா கண்டேன்?"

"அப்பிடிச் சொல்லலீங்க. விக்கறப்போ கொண்டாங்க, பாக்கறேன்."

விக்குகிறபோது கொண்டுவர வண்டி என்ன என் சொல்பேச்சா கேட்கும்?

அக்டோபர் 5, ஞாயிறு

தேவநேசன் வந்து வண்டியை எடுத்துப் போனான். விக்கலைப் பற்றிச் சொன்னேன். "மழைக் காத்துடா, ஈரம் ஏறியிருக்கும்" என்றான். எப்படி அவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது?

அக்டோபர் 12, ஞாயிறு

வண்டி வந்தது. வாரம் முழுக்க ஒரு தடவைகூட விக்கவில்லையாம். கோத்தகிரி போகவில்லை, மலையில் நல்ல மழை, மேட்டுப்பாளையத்திலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்றான். ரேடியோவிலும் அதைத்தான் சொன்னார்கள், அது வேறு விஷயம்.

அவன் கையில் ஓடுகிற வண்டி என் கையில் ஓடவில்லை என்றால் நடுவில் ஏதோ நடக்கிறது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். அவன் போனதும் எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கண்ணாடி போலக் கழுவித் துடைத்தேன். ருக்மணியின் முகப்பவுடரை எடுத்து எஞ்சின் தலைமேல் மெல்லிசாகத் தூவினேன். யார் விரல் வைத்தாலும் தடம் விழும். முப்பது வருஷம் பட்டறை நடத்தியவன் நான். பம்ப்புக்கு வார்த்த இரும்பு ஒரு கிலோ குறைந்தாலும் எவன் கை என்று சொல்லிவிடுவேன்.

பவுடர் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் வாய் திறக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

விக்கியது. அவினாசி ரோட்டில் சித்ரா ஸ்டாப் வரை விக்கிக்கொண்டே போய், திரும்பும்போது சரியானது. பவுடரில் ஒரு தடமும் இல்லை. ஆகவே என் வீட்டில் யாரும் தொடவில்லை. ஆகவே அவன் வீட்டிலேயே வேலை முடிந்துவிட்டது.

அக்டோபர் 15, புதன்

காளியண்ணனை நம்பிப் பயனில்லை என்று நானே இறங்கினேன். காலையில் எஞ்சினைக் கழுவி, புதிதாகப் பவுடர் போட்டு, ஸ்டார்ட் செய்தேன். உடனே விக்கியது. பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி. வேலை செய்கிற சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் சத்தம் இன்னும் தடுமாறும். செத்த சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் உயிரோடு இருக்கின்றன. நாலாவதைப் பிடுங்கினேன். அசையவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று ருக்மணியைக் கூப்பிட்டேன். அவள் குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஒயரை நாலாவதில் மாட்டிப் பார்த்தேன். அப்போதும் நாலாவதுதான் சாகிறது. ஒயர் இல்லை. அடுத்தது பிளக்கைக் கழற்ற வேண்டும். இந்த எஞ்சினில் பிளக் மேலே தெரியாது. சாண் ஆழக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், நீளக் கழுத்து ஸ்பேனர் இல்லாமல் எட்டாது. அந்த ஸ்பேனர் எங்கே? போத்தனூரில், தேவநேசன் வீட்டில்.

இதைத் தற்செயல் என்று நினைக்கச் சொல்கிறார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வண்டி நேற்றே அவன் வீட்டுக்குப் போய்விட்டது. எண்ணெய் வைத்தது, குளித்தது, சாப்பிட்டது. போன் செய்து வாழ்த்துச் சொன்னான். "செவலை எப்படி?" என்றேன். "தங்கம்டா" என்றான். பேசும்போது ஹெப்சிபாவுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொன்னான். பையனுக்குப் பழைய கார் என்றால் உயிராம்.

இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது. ஓடாத வண்டி என்று நான் சலித்துப்போய் என் பாதியைத் தள்ளிவிட வேண்டும். மாப்பிள்ளைக்கு முழு வண்டி.

அக்டோபர் 26, ஞாயிறு

வண்டி வந்தது. மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறதாம், இந்தத் தடவையும் போகவில்லை. ஸ்பேனரைக் கேட்டேன். "டூல் பாக்ஸ்ல இருக்குமே" என்றான். இல்லை என்றேன். தேடிப் பார்க்கிறேன் என்றான். படியிறங்கும்போது கடைசிப் படியை விட்டுவிட்டுக் கால் வைத்தான். ருக்மணி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"பாத்து அண்ணா" என்றாள்.

"படி ஒண்ணு கொறஞ்சுபோச்சாம்மா?" என்று சிரித்தான்.

அவன் போனதும் கழுவி, துடைத்து, பவுடர் போட்டேன்.

அக்டோபர் 29, புதன்

காளியண்ணன் பிளக் நாலையும் மாற்றினான், ஒயர் மாற்றினான், காயில் மாற்றினான், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினான். கம்ப்ரஷன் பார்த்தான், நாலும் ஒரே மாதிரி. எல்லாம் ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிச் சூடான வண்டியில். நாலாவது குழிக்குள் டார்ச் அடித்து, "இதுல மட்டும் லேசா துரு புடிச்சிருக்குதுங்க சார்" என்றான். பழைய வண்டியில் துரு இல்லாமல் வைரமா இருக்கும்?

"வண்டில ஒண்ணுமில்லீங்க" என்று சாவியைக் கொடுத்தான். ஒர்க்‌ஷாப் வாசலில் தேவநேசனின் ஸ்கூட்டர் சர்வீஸுக்கு நின்றிருந்தது. நான் பார்த்ததைக் காளியண்ணனும் பார்த்தான். அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 30, வியாழன்

கழுவினேன். விக்கியது.

நவம்பர் 2, ஞாயிறு

தேவநேசன் சர்ச் உடையோடு ஆட்டோவில் வந்தான். ஸ்பேனர் அவன் வீட்டிலும் இல்லையாம். வண்டியைத் தரமாட்டேன் என்றேன். கோளாறு கண்டுபிடிக்கிற வரைக்கும் என் வீட்டை விட்டு நகராது என்றேன்.

"இது என் வாரம்டா."

"உன் வாரத்துல சரியா ஓடுது, என் வாரத்துல ஓடமாட்டேங்குது. அது எப்படின்னு தெரியற வரைக்கும் யாருக்கும் வாரம் கெடையாது."

"மழை விட்டிருச்சு சென்னி. பஸ்ஸெல்லாம் போகுது. வியாழக்கிழமை காலைல ஏறிட்டு மத்தியானம் எறங்கீர்றேன். விக்குனா விக்கிட்டுப் போகுது."

"பாதி மலைல நின்னுபோச்சுன்னா?"

"தள்ளிவிட்டுட்டுப் பஸ்ஸுல வந்தர்றேன். எத்தன தடவ தள்ளியிருக்கோம், என்னடா புதுசா?"

முடியாது என்றேன். கொஞ்ச நேரம் வண்டியின் கதவுமேல் கை வைத்து நின்றான். பிறகு நடந்தே பஸ் ஸ்டாப்புக்குப் போனான். ஆட்டோ பிடித்துக் கொடுத்திருக்கலாம் என்று ருக்மணி இதை எழுதும்வரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

அவன் வரவில்லை. போன் மட்டும் வந்தது. "கண்டுபுடிச்சியா?" இல்லை என்றேன். "சரி" என்றான்.

இப்போது தினமும் காலையில் பானட்டைத் திறந்து பவுடரைப் பார்க்கிறேன். பிறகு கழுவிவிட்டுப் புதிதாகப் போடுகிறேன். பானட்டுக்குப் பூட்டும் போட்டாயிற்று. தினமும் விக்குகிறது. பத்து நிமிஷம் ஓட்டினால் விக்கல் நின்றுவிடுகிறது. அவன் ஏதோ நிரந்தரமாகச் செய்துவைத்திருக்கிறான்.

நவம்பர் 13, வியாழன்

பவுடரில் தடம்! நான்கு விரல், சின்னது. பூட்டிய பானட்டுக்குள் எப்படி வந்தது என்று அரைமணி நேரம் குழம்பினேன். அடியிலிருந்து ஏறிய பூனை. பூனையை யாரும் ஏவியிருக்க முடியாது என்று கடைசியில் முடிவுக்கு வந்தேன். ஆனாலும் அது பக்கத்து வீட்டுப் பூனை.

நவம்பர் 16, ஞாயிறு

ஹெப்சிபா போனில் பேசினாள். "மாமா, அப்பா இந்த மாசத்துக்குள்ள ஒரு தடவை ஓட்டணும்னு ரொம்ப ஆசைப்படறார். டாக்டர் சொன்ன அளவுக்கு நாள் இருக்குமான்னு எனக்குப் பயமா இருக்கு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஒரே ஒரு நாள் குடுங்க மாமா."

பெண்பிள்ளையைப் பேசவைத்தால் நான் இளகிவிடுவேன் என்று கணக்கு. பார்க்கலாம் கண்ணு என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

பிடித்துவிட்டேன்.

உக்கடம் போய் நீளக் கழுத்து ஸ்பேனர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவந்தேன். காலையில் வழக்கம்போலக் கழுவிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே நாலாவது ஒயரை உருவினேன். அதன் ரப்பர் மூடியிலிருந்து சொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். குழிக்குள் தண்ணீர். பிளக்கின் கழுத்துவரை தண்ணீர் நிற்கிறது! பிளக்குக்கு வருகிற மின்சாரம் பொறியாக வெடிக்காமல் தண்ணீர் வழியாக இரும்பில் இறங்கிப் போய்விடுகிறது. சிலிண்டர் சாகிறது. எஞ்சின் சூடேறித் தண்ணீர் ஆவியானதும் பிழைத்துக்கொள்கிறது. அதனால்தான் காளியண்ணனிடம் போவதற்குள் சரியாகிவிடுகிறது.

தண்ணீர் ஊற்றியிருக்கிறான். என் சிநேகிதன், குழி பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறான்.

ருக்மணி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் காட்டினேன். குழியைப் பார்த்தாள், தரையில் கிடந்த பைப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மீதித் துணியைக் காயப்போடாமலே உள்ளே போய்விட்டாள். அதிர்ச்சி போலிருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

போத்தனூர் போனேன். சர்ச் விட்டு எல்லாரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றுதான் போனேன். அவன் சிரித்துக்கொண்டு, "யாரு, சென்னியா?" என்று இரண்டடி தூரத்தில் வைத்துக் கேட்டான். தெரியாதது போல நடிக்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தண்ணி ஊத்துனயாடா?" என்றேன்.

"எதுல?"

"நாலாவது சிலிண்டர் குழிக்குள்ள. நான் வண்டியை விட்டுத் தொலைக்கோணும்னு ஊத்துனயா இல்லையா? கண்ணு போச்சு, கண்ணு போச்சுன்னு ஊரை ஏமாத்தற. குழி மட்டும் சரியாத் தெரிஞ்சுதா?"

பேச்சு நின்றுவிட்டது. பாஸ்டர் ஒரு பக்கம், கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிற பையன் வீட்டார் ஒரு பக்கம். அவர்கள் வந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஹெப்சிபா அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேவநேசன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"வண்டிய நீயே வெச்சுக்க சென்னி. என் பாதியும் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றான். "கோத்தகிரிக்கு மட்டும்..." என்று தொடங்கி, "சரி விடு" என்று முடித்தான்.

முழு வண்டியும் என்னுடையது. சொன்னது நான்கு பேர் காதில் விழுந்திருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள்.

நவம்பர் 28, வெள்ளி

ருக்மணி ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது. இன்று காலை கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? அண்ணன் ஊத்துன தண்ணி ஒரு மாசமா வத்தவே இல்லீங்களா?"

"எப்படி வத்தும்? குழிக்குள்ள..."

"சூடானா ஆவியாப் போயிருதுன்னு நீங்கதானே சொன்னீங்க. போனா மறுக்கா எங்கிருந்து வருது? வண்டி இங்க, பூட்டு இங்க, சாவி உங்க இடுப்புல." பைப்பைக் காட்டினாள். "தெனமும் ஆரு ஊத்தறாங்கன்னு கொஞ்சம் பாருங்க."

என் கையில் பைப். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அவள் உள்ளே போனபிறகு நாலாவது குழியைத் துணி விட்டு ஒற்றி எடுத்து உள்ளே பார்த்தேன். தண்ணீர் தங்காமல் வெளியேற குழியின் பக்கவாட்டில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அதில் ஏற்கெனவே பாதி அடைத்திருந்த பழைய அழுக்கின்மேல் வெள்ளையாக ஏதோ படிந்து கல்லாகியிருந்தது. கம்பியால் குத்தி எடுத்தேன். மணத்தது. ருக்மணியின் பவுடர்.

இன்று முதல் எஞ்சினைக் கழுவுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சிறுவாணித் தண்ணீரை இப்படி வீணாக்குவது சரியில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

வண்டி தங்கமாக ஓடுகிறது. ஒரு விக்கல் இல்லை. முறைப்படி இது அவன் வாரம். போய்ச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரண்டு நாள் ஓட்டத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை.

டிசம்பர் 4, வியாழன்

மலையில் நல்ல வெயிலாம். மேட்டுப்பாளையம் வரை போய்த் திரும்பினேன். செவலை அருமையாக இழுத்தது. மேலே ஏற மனசு வரவில்லை. ஏன் என்று எழுதப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

குளித்து, சட்டை மாற்றி, சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். சர்ச் விடுகிற நேரம். முகப்பவுடர் கதையைக் கேட்டால் அத்தனை பேரும் சிரிப்பார்கள். தேவநேசன் சாகும்வரை சொல்லிக் காட்டுவான். காளியண்ணன் காதுக்கும் போகும். அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

ருக்மணி கேட்டாள், "போகலீங்களா?" பெட்ரோல் இல்லை என்றேன். டேங்க் நிரம்பியிருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

ஹெப்சிபாவிடமிருந்து ருக்மணிக்குப் போன். புதன்கிழமை தேவநேசனுக்கு இடது கண்ணில் திடீரென்று பிரஷர் ஏறி, வலி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம். ருக்மணி அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு முதலில் வந்த யோசனை, என்னை வரவழைக்க இப்படி ஒரு ஏற்பாடோ என்பதுதான். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் வந்தது அதுதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

ருக்மணி மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். ஆபரேஷன் வலியைத்தான் எடுத்திருக்கிறது, பார்வையை மீட்கவில்லையாம். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறதாம். என்னைக் கேட்டானா என்றேன். இல்லை என்றாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

போனேன்.

செவலையை அவன் வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன். வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. சத்தம் கேட்டு அவனே சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். என்னை விசாரிக்கவில்லை. வண்டியைத்தான் கேட்டுக்கொண்டு நின்றான், தலையைச் சாய்த்து.

"நாலும் அடிக்குது" என்றான்.

"அடிக்குது" என்றேன்.

"கொஞ்சம் ஏத்து."

உள்ளே கைவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். முகம் மலர்ந்தது. கால் நுனியால் தரையைத் துழாவி வந்து பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"என்னடா கோளாறு?"

இதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜைக்குக் கழுவியது, தடம் பிடிக்கப் பவுடர் தூவியது, பவுடர் துளையை அடைத்தது, தினமும் நானே தண்ணீர் ஊற்றிவிட்டு அவனைச் சந்தேகப்பட்டது, பூனை உட்பட.

"பவுடரா!" என்றான். சிரிக்கத் தொடங்கினான். "ருக்மணி பவுடரா!" இருமல் வருகிறவரை சிரித்தான், வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் நடு ரோட்டில் கல்லூரிப் பையன்கள் மாதிரி சிரித்தோம். ஹெப்சிபா வாசலுக்கு வந்து பார்த்தாள், ஆனால் அவள் சிரிக்கவில்லை. மனஸ்தாபம் போய்விட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவன் காலில் விழ வேண்டும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

"ஏறுடா" என்றேன். "கோத்தகிரி போலாம். நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரு. கியர் நீ போடு."

"போலாம், போலாம்" என்று கண்ணாடிக்கு அடியில் நீரைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டான். "எப்படா கண்டுபுடிச்ச?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. ஆனால் இத்தனை நாள் அவனைப் பொய்க்காரன் என்று எழுதியவன் நான். அவனுக்கே ஒரு பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"போன மாசம். இருபத்தெட்டு."

சிரிப்பு நின்றது. கை மட்டும் பானட்டின்மேல் இருந்தது. அவன் மனசுக்குள் நாள் ஓடுவது எனக்குத் தெரிந்தது.

"அப்ப எனக்குக் கண்ணு தெரிஞ்சுதேடா" என்றான்.

திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. "அந்த ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தேன். எப்படியும் நீ வந்துருவேன்னு நெனச்சேன். அதுக்கடுத்த ஞாயித்துக்கெழமையும்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னித்துவிடு என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் பானட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "சூடாயிருச்சு, நிக்கவெச்சு ஓட்டாத, கெளம்பு" என்றான். ஹெப்சிபா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வாசற்படி வந்ததும் அவள் "படி" என்றாள். அவன் காலைத் தூக்கி வைத்தான்.

போத்தனூரிலிருந்து வீடு வரைக்கும் செவலை ஓர் இடத்தில்கூட விக்கவில்லை. ஒரு தடவையாவது விக்காதா, பழியை எதன் தலையிலாவது போட்டுக்கொள்ளலாமே என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.